மென்பொருள் போடும் முன் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

சோலூர்மட்டத்திலிருந்து ஒரு பெரியவர் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோத்தகிரியில் இருக்கும் எங்கள் கணினிக் கடைக்கு வந்தார். பழைய கணினி போய்விட்டதால் வேறொன்று வாங்கியிருந்தார். அதில் தேயிலை எடைக் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. விடுபட்டிருந்த ஒன்றை நிறுவி, திறந்து காட்டி அனுப்பினேன். மறுநாள் போன்: "தம்பி, கணக்கு திறக்குது. ஆனா பில் பிரிண்ட் போட்டா இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது." அந்த மென்பொருளுக்குத் தேவையான தமிழ் எழுத்துரு கணினியில் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. மறுபடி பஸ், மறுபடி மடியில் சிபியு.

தப்பு என்னுடையதுதான். அதற்குப் பிறகு எந்தக் கணினி வந்தாலும் கீழே உள்ள வரிசையில்தான் பார்க்கிறேன். கடையில் வேலை பழக வரும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களையும் சேர்த்திருக்கிறேன். இது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். திரையில் ஆங்கிலத்தில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன்.

1. முதலில் ஒரு காகிதம்

கணினியைத் தொடுவதற்கு முன் மென்பொருளின் தேவைப் பட்டியலைத் தேடிப் பிடியுங்கள். நிறுவும் பைலோடு வரும் ‘ரீட்மீ’யில் இருக்கும், அல்லது தயாரித்தவர்களின் தளத்தில் ‘சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்’ என்ற தலைப்பில் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் விற்றவரிடமே கேளுங்கள்.

காகிதத்தில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன வேண்டும், எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா (விண்டோஸும் மென்பொருள்களும் இந்த இரண்டு வகையில் வரும்). நான்காவதாக ஒரு காலிப் பத்தி விடுங்கள். கணினியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதில் எழுதப் போகிறோம்.

"ஜாவா வேணுமாம்" என்று மட்டும் எழுதிக்கொண்டு ஆரம்பிப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. ஜாவா என்பது சில மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவைப்படும் துணை மென்பொருள். எந்த ஜாவா? 8ஆ, 17ஆ? பதிப்பு எண் இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது.

இவ்வளவு காகித வேலை எதற்கு என்றால், இங்கே டவுன்லோடுதான் விலை அதிகமான படி. மழைக்காலத்தில் லைன் போனால் மொபைல் டேட்டாவை நம்பித்தான் இருக்க வேண்டும், அதுவும் வளைவுக்கு வளைவு மாறும். தப்பான பைல் ஒன்றை இறக்கினால் அரை நாள் போய்விடும். பார்ப்பதற்கு இணையமே வேண்டாம். அதனால் பார்ப்பதை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் ஒரே மூச்சில் இறக்கிக்கொள்ளலாம்.

2. விண்டோஸ் எது, எத்தனை பிட்

செட்டிங்ஸைத் திறந்து ‘சிஸ்டம்’ போய், கடைசியில் இருக்கும் ‘அபவுட்’டை அழுத்துங்கள். அதில் ‘சிஸ்டம் டைப்’ என்ற ஒரு வரி இருக்கும். அந்த வரியில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன, அங்கேதான் குழப்பம் வருகிறது.

முதல் பாதி விண்டோஸ் எத்தனை பிட் என்று சொல்கிறது. பின்பாதி பிராசசர் எப்படிப்பட்டது என்று சொல்கிறது. ‘32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர்’ என்று இருந்தால், 64 பிட் ஓடக்கூடிய பிராசசரில் யாரோ 32 பிட் விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் 64 பிட் மென்பொருள் ஓடாது. பிராசசர் பகுதியைப் பார்த்துவிட்டு "64தான் அண்ணா" என்று போனில் சொல்பவர்கள் நிறைய. அதனால் நான் இப்போது, "முழு வரியையும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்கிறேன்.

விண்டோஸ் 11 என்றால் இந்தக் கவலை இல்லை, அதில் 32 பிட் பதிப்பே கிடையாது. 10 என்றால் கட்டாயம் பாருங்கள்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ‘எஸ் மோட்’ என்று இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் நிறுவ முடியாது. புது லேப்டாப்பில் ஒன்றும் ஏறவில்லை என்று வருபவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். ‘ஏஆர்எம்’ என்ற வேறு வகைப் பிராசசர் இருந்தால் சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றின் டிரைவர் (அந்தக் கருவியைக் கணினியோடு இணைந்து வேலை செய்ய வைக்கும் மென்பொருள்) அதற்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும். வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. கணினி ஓடும். ஆனால் புதிதாக வரும் மென்பொருள்களின் தேவைப் பட்டியலில் 10 இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. தேதி, இடம், ரீஸ்டார்ட்

மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை. ஆனால் இவற்றை விட்டுவிட்டால் பின்னால் வரும் சோதனைகள் பொய் சொல்லும்.

தேதி தப்பாக இருந்தால் டவுன்லோட் தளமே திறக்காது, நிறுவும் பைலின் சான்றிதழும் செல்லாது என்று வரும். மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்துபோன பழைய டெஸ்க்டாப்புகளில், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடும். பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான், மாற்றிவிடுங்கள்.

சி டிரைவில் குறைந்தது ஐந்தாறு ஜிபி காலி வேண்டும்.

அப்புறம் ரீஸ்டார்ட். "நேத்து ராத்திரி ஆஃப் பண்ணித்தானே வச்சேன்" என்பார்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ போட்டிருந்தால் ஷட்டவுன் செய்தாலும் உள்ளே ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டு, காலையில் அதையே எடுத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான். அப்டேட் பாதியில் நிற்கும் கணினியில் புதிதாக எதையும் ஏற்றப் பார்க்காதீர்கள், முதலில் ரீஸ்டார்ட்.

4. விஷுவல் சி பிளஸ் பிளஸ்

பல மென்பொருள்கள் ஓடுவதற்கு நம்பியிருக்கும் துணைப் பைல்களின் தொகுப்பு இது. இதுதான் ஆட்களை அதிகம் படுத்துவது. பெயரைப் பார்த்து புரோகிராம் எழுதுபவர்களுக்கானது என்று நினைத்து நீக்கிவிடுகிறவர்களும் உண்டு. ஒரே பெயரில் பத்து வரி இருந்தால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். நீக்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு மென்பொருள் நம்பிக்கொண்டிருக்கும்.

பார்க்கும் வழி: செட்டிங்ஸ், ‘ஆப்ஸ்’, அதற்குள் விண்டோஸ் 11இல் ‘இன்ஸ்டால்ட் ஆப்ஸ்’, 10இல் ‘ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’. தேடல் பெட்டியில் விஷுவல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, பிட், பதிப்பு எண் மூன்றும் இருக்கும்.

பிட் விஷயத்தில் ஒரு பொறி. அங்கே 32 என்று எழுதியிருக்காது, எக்ஸ்86 என்று இருக்கும். 86 என்றால் 64ஐவிடப் பெரியது, புதியது என்று நினைத்துவிடுகிறார்கள். எக்ஸ்86 என்பது 32 பிட், எக்ஸ்64 என்பது 64 பிட். மென்பொருள் எத்தனை பிட்டோ அதற்கு ஏற்றதுதான் வேண்டும், விண்டோஸ் எத்தனை பிட் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் கணக்கு மென்பொருள் ஓட வேண்டுமானால் எக்ஸ்86தான் தேவை. சந்தேகமாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் இரண்டையும் போட்டுவிடுங்கள், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

அடுத்தது ஆண்டு. 2015, 2017, 2019, 2022 நான்கும் ஒரே குடும்பம், பதிப்பு எண் 14இல் தொடங்கும். புதியதை நிறுவினால் பழையதின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் 2013, 2012, 2010, 2008, 2005 அப்படி இல்லை. ஒன்று இருப்பது இன்னொன்றுக்கு ஈடாகாது. "புதுசு இருக்கே, பழசு எதுக்கு?" என்ற கேள்வி இங்கே செல்லாது.

மென்பொருள் திறக்கும்போது ‘டிஎல்எல் காணவில்லை’ (டிஎல்எல் என்பது அப்படிப்பட்ட ஒரு துணைப் பைல்) என்று பிழை வந்தால், அந்த டிஎல்எல்லின் பெயரில் உள்ள எண்ணே எதைப் போட வேண்டும் என்று சொல்லிவிடும். 140 என்று முடிந்தால் 2015 முதல் 2022 வரையிலான குடும்பம். 120 என்றால் 2013. 110 என்றால் 2012. 100 என்றால் 2010. 90, 80 என்றால் 2008, 2005. இதை ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விசிரன்டைம்140க்குப் பின்னால் அடிக்கோடும் 1ம் சேர்ந்த ஒரு பைலைக் காணோம் என்று பிழை வரும். பட்டியலில் பார்த்தால் 2015 இருக்கும், "இருக்கே, அப்புறம் ஏன்?" என்று பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். அந்தப் பைல் 2019 காலத்தில் 64 பிட்டுக்காகச் சேர்ந்தது. பழைய 2015இல் அது கிடையாது. குடும்பத்தின் புதிய பதிப்பைப் போட்டால் சரியாகிவிடும்.

ஒரு டிஎல்எல் பைலை மட்டும் தனியாகக் கொடுக்கும் தளங்களிலிருந்து இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போடாதீர்கள். வைரஸ் வரலாம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32க்குள் இருப்பது 64 பிட் பைல்கள், 32 பிட் பைல்கள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பவே வைத்தது போலிருக்கும். தப்பான இடத்தில் தப்பான பைலைப் போட்டுவிட்டு வருபவர்களின் கணினியைச் சரிசெய்ய, முதலில் நிறுவியிருக்க வேண்டிய நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆகிறது.

5. டாட் நெட்: ஒரே பெயரில் மூன்று பேர்

டாட் நெட்டும் மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவைப்படும் மைக்ரோசாஃப்டின் துணைத் தொகுப்புதான். ஆனால் ‘டாட் நெட் இருக்கிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை. எந்த டாட் நெட் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 3.5. பழைய மென்பொருள்கள் கேட்பது. 2.0, 3.0 இரண்டும் இதற்குள்ளேயே அடக்கம். ஸ்டார்ட் மெனுவில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தேடி அந்தச் சிறிய ஜன்னலைத் திறந்தால், முதல் சில வரிகளுக்குள்ளேயே இருக்கும். பெட்டி நிரம்பியிருந்தால் இருக்கிறது, காலியாக இருந்தால் இல்லை. டிக் செய்தால் விண்டோஸ் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். லைன் சரியில்லாத இடத்தில் 800எஃப்081எஃப் என்று முடியும் பிழை எண் வந்தால், பைல் கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் ‘சோர்சஸ்’ ஃபோல்டருக்குள் ‘எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று இருக்கும், அங்கிருந்தே 3.5ஐ ஏற்றலாம். அந்தப் பென்டிரைவும் கணினியும் ஒரே விண்டோஸ் பதிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி அதே பிழைதான்.

இரண்டாவது டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4 வரிசை. 4.5, 4.6, 4.7, 4.8 எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்பவை. 4.8 இருந்தால் 4.6 கேட்கும் மென்பொருளும் ஓடும், பழையதைத் தனியாகப் போட வேண்டாம். போடப் பார்த்தால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று நிறுவி மறுத்துவிடும், அது பிழை அல்ல. விண்டோஸ் 11இலும், விண்டோஸ் 10இன் 1903க்குப் பிந்தைய பதிப்புகளிலும் 4.8 கூடவே வருகிறது. ஆனால் 4.8 இருப்பதால் 3.5 இருக்கிறது என்று ஆகாது, அது தனி.

4 வரிசையில் சரியாக எது இருக்கிறது என்று பார்க்க ரெஜிஸ்ட்ரி எடிட்டருக்குள் (விண்டோஸின் உள் அமைப்புகளைக் காட்டும் கருவி) போக வேண்டும். பார்க்க மட்டும், எதையும் மாற்ற வேண்டாம். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், நெட் ஃப்ரேம்வொர்க் செட்டப், என்டிபி, வி4, ஃபுல் என்று வரிசையாகத் திறந்தால் வலப்பக்கம் ‘ரிலீஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே இரண்டு எண்கள் தெரியும். முதலில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்று, அப்புறம் அடைப்புக்குறிக்குள் ஆறு இலக்க எண். படிக்க வேண்டியது அடைப்புக்குறிக்குள் இருப்பதை. 528040 அல்லது அதற்கு மேல் என்றால் 4.8. 461808 அல்லது அதற்கு மேல் என்றால் 4.7.2. 394802 அல்லது அதற்கு மேல் என்றால் 4.6.2. இந்த மூன்றும் தெரிந்தால் எங்கள் கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

மூன்றாவது, ‘ஃப்ரேம்வொர்க்’ என்ற சொல் இல்லாத வெறும் டாட் நெட்: 6, 8 போன்றவை. எண் பெரிதாக இருப்பதால் இவை 4.8இன் அடுத்த பதிப்புகள் என்று நினைத்துவிட வேண்டாம், இது வேறு பாதை. இங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். 6 கேட்கும் மென்பொருள் 8 இருந்தாலும் பொதுவாக 6ஐத்தான் கேட்கும். அதிலும் ‘டெஸ்க்டாப் ரன்டைம்’ என்று பெயரில் இருக்கிறதா பாருங்கள். ஜன்னல், பட்டன் உள்ள மென்பொருளுக்கு அதுதான் தேவை. வெறும் ‘ரன்டைம்’ மட்டும் போட்டுவிட்டு, திறக்கவில்லை என்று வருவது வாடிக்கை. 4ஆம் பகுதியில் சொன்ன அதே பட்டியலில் டாட் நெட் என்று தேடினால் இவை தெரியும்.

6. ஜாவா

கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஜாவா என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரே ஒரு கோடு, உடனே வெர்ஷன் என்று அடித்து என்டர் தட்டுங்கள். விசைப்பலகை தமிழில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் தமிழ்99இல் அடித்துக்கொண்டிருந்த பையன் கமாண்டையும் அதே வேகத்தில் தமிழில் அடித்துவிட்டு, "ஜாவா இல்லைங்கண்ணா" என்றான்.

கோடு ஒன்றா இரண்டா என்பதும் முக்கியம். இரண்டு கோடு போட்டால் ஜாவா 8 அதை ஏற்காமல் பிழை காட்டும். ஒரு கோடு எல்லாப் பதிப்பிலும் வேலை செய்யும்.

பதிலில் 1.8 என்று வந்தால் அது ஜாவா 8. ஒன்றாம் பதிப்பு என்று படித்து, பழசு என்று நீக்கிவிடாதீர்கள். கடைசி வரியில் 64 பிட் என்று இருந்தால் 64, அப்படி ஒரு சொல்லே இல்லையென்றால் 32.

கமாண்டே தெரியவில்லை என்று வந்தால் உடனே இறக்க ஓடாதீர்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் ‘ஜாவா’ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஜாவா இருக்கிறது, ‘பாத்’தில் (விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேரவில்லை அவ்வளவுதான். புதிதாக நிறுவிய பிறகும் பழைய கறுப்பு ஜன்னலையே வைத்துக்கொண்டு சோதித்தால் இல்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் திறந்தபோது இருந்த பாதையைத்தான் அது வைத்திருக்கும். மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து பாருங்கள்.

மென்பொருள் திறக்கும்போது ‘கிளாஸ் ஃபைல் வெர்ஷன்’ என்று ஒரு எண்ணைக் காட்டினால் அதிலிருந்து 44ஐக் கழியுங்கள். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17. குறைந்தது அந்தப் பதிப்பாவது வேண்டும்.

7. எழுத்துருவையும் சேர்த்துப் பாருங்கள்

தேவைப் பட்டியலில் இதை யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் நான் சோலூர்மட்டத்துப் பெரியவரை இரண்டாம் முறை வரவைத்தேன். பழைய தமிழ் மென்பொருள்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களை நம்பி எழுதப்பட்டவை. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் அப்படியே வெளியே வந்துவிடும்.

செட்டிங்ஸில் ‘பெர்சனலைசேஷன்’, அதில் ‘ஃபான்ட்ஸ்’. பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த எழுத்துரு பைலை வலது கிளிக் செய்து ‘எல்லோருக்கும் நிறுவு’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே நிறுவினால் அந்த ஒரு பயனர் கணக்குக்கு மட்டும்தான் சேரும், அலுவலகத்தில் வேறொருவர் தம் கணக்கில் நுழைந்தால் மறுபடி ஆங்கிலம் கொட்டும்.

லதா எழுத்துருவைக் கேட்கும் யூனிகோட் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மென்பொருள் என்றால் வேறு வழி. முன்பு விண்டோஸோடு வந்த லதா, விண்டோஸ் 10 முதல் விருப்பக் கூறாகிவிட்டது. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. இப்போது இறக்குங்கள்

காகிதத்தில் நான்காவது பத்தி நிரம்பியிருக்கும். இல்லாதவற்றை வட்டமிடுங்கள். வட்டமிட்டதை மட்டும் இறக்க வேண்டும், தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே.

‘வெப் இன்ஸ்டாலர்’, ‘ஆஃப்லைன் இன்ஸ்டாலர்’ என்று இரண்டு இருந்தால் ஆஃப்லைனை எடுங்கள். வெப் இன்ஸ்டாலர் ஓரிரு எம்பிதான் இருக்கும், உடனே இறங்கிவிடும், மகிழ்ச்சியாக வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள். அங்கே போய் இரண்டு கிளிக் செய்த பிறகுதான் மீதியை இணையத்திலிருந்து கேட்கும். கோத்தகிரி பஜாரில் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் இதில் ஏமாந்தே போகிறார்கள்.

நிறுவும் வரிசை: விண்டோஸ் அப்டேட், டாட் நெட், விஷுவல் சி பிளஸ் பிளஸ், ஜாவா, எழுத்துரு, கடைசியில்தான் உங்கள் மென்பொருள். பல நிறுவிகள் தொடக்கத்திலேயே இவற்றைத் தேடிப் பார்க்கும், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்றதை நீக்குவது தனித் தலைவலி. ஒவ்வொன்றையும் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ வழியாகத் திறங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட்.

9. எல்லாம் இருந்தும் திறக்கவில்லையா

மென்பொருள் சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டால் ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதில் ‘அப்ளிகேஷன்’ போங்கள். நீங்கள் திறக்கப் பார்த்த அதே நிமிடத்தில் சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். ‘சோர்ஸ்’ பத்தியில் டாட் நெட் ரன்டைம் என்று இருந்தால் 5ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். ‘சைட்பைசைட்’ என்று இருந்தால் அநேகமாக விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2005 அல்லது 2008 விடுபட்டிருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் அந்தச் சிவப்பு வரியைக் கிளிக் செய்து, கீழே வரும் விவரம் முழுதும் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். நீங்கள் நிரப்பிய காகிதத்தையும் ஒரு போட்டோ எடுங்கள். இரண்டையும் மென்பொருளை விற்றவருக்கு அனுப்புங்கள். சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதை அவர் பதில் வந்த பிறகு முடிவு செய்யலாம்.